வாங்கியவர் பெயர் என்ன?

அடுத்த முறை திருவண்ணாமலைக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். அண்ணாமலையார் கோயிலில் தரிசன வரிசை நகராமல் நிற்கிற நேரத்தில் சற்றே தலையைத் தூக்கிப் பாருங்கள். எங்காவது ஒரு டியூப் லைட் கண்ணில் படும். நம்மூரில் எந்தக் கோயிலானாலும் படும். 'உபயம்' என்று ஆரம்பித்து, கொடுத்தவர் பெயர், கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாம் பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுத்து அடைத்துக்கொண்டது போக மிச்சமிருக்கிற இடத்தில் கொஞ்சம் வெளிச்சமும் வரும்.

சிரித்தாச்சா? இப்போது பார்வையைக் கீழே இறக்கிச் சுவரைப் பாருங்கள். கருங்கல்லில் பொடிப்பொடியாக எழுத்துகள் ஓடும். சோழர் காலம் தொடங்கி ஹொய்சளர், விஜயநகரத்தார் காலம் வரை வெட்டப்பட்ட கல்வெட்டுகள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்தக் கோயிலின் கல்வெட்டுகளைத் திரட்டி, 1990 வாக்கில் கனமான புத்தகங்களாகவே போட்டிருக்கிறது. ராஜாவின் மெய்க்கீர்த்தியைத் தாண்டி உள்ளே போனால், பெரும்பாலும் கணக்குதான். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார்.

நான் பி.காம். படித்தவன். முதல் வருஷம், முதல் வாரம், கணக்குப்பதிவியல் வகுப்பில் மந்திரம் மாதிரி ஒன்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. இரண்டும் எழுதினால்தான் அது கணக்கு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் விளம்பரம்.

டியூப் லைட்டில் இருப்பது ஒரு பக்கம். அரசாங்கத் திட்டங்களும் பெரும்பாலும் டியூப் லைட் ரகம்தான். கொடுத்தவர் படம் பெரிசாக இருக்கும். வாங்கியவர் யார் என்று கேட்டால், 'பயனாளிகள்' என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இத்தனை லட்சம் பயனாளிகள், இத்தனை கோடி ரூபாய். சரி, அந்த லட்சத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் உண்டா, இல்லையா?

இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஆயிரம் வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டமும் சிக்கிக்கொண்ட ஒரு மோசடியும் இருக்கிறது. முதலில் பழைய கதை.

சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நுந்தா விளக்கு எரிக்க வேண்டுமென்றால், பணக்காரர் ஒருவர் ஆடு கொடுப்பார். பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில ஊர்களில் 90. அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு செத்தால்? குட்டி இருக்கிறதே, கணக்கு குறையாது. அதனால்தான் கல்வெட்டில் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடுகள். இன்றைய பாஷையில் சொன்னால் டெபாசிட். அசல் அப்படியே இருக்க, வட்டியில் விளக்கு எரிகிறது.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் ராஜராஜன் இன்னும் ஒரு படி மேலே போனான். ஆடு மாடு கொடுத்தவர் பெயரோடு, அவற்றை வாங்கிக்கொண்ட இடையர்களின் பெயர்களையும் கல்லில் வெட்டச் சொன்னான். 1014 வாக்கில் வெட்டிய இன்னொரு பெரிய கல்வெட்டில், கோயிலுக்கு ஆடல் பாடலுக்காகக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவரின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு என்பது வரை. ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆள் செத்துப்போனால் அந்தப் பங்கு யாருக்குப் போகவேண்டும் என்றும் எழுதியாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நானூறு பேர் சம்பளப் பட்டியல், வீட்டு நம்பரோடு, ஊரே வந்து போகிற இடத்தில். நானூற்றி ஓராவது பெயரை ராத்திரியோடு ராத்திரியாகச் சேர்க்க வேண்டுமென்றால் உளி, சுத்தியல் சத்தம் ஊருக்கே கேட்கும்.

உத்திரமேரூர்க் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 919, 921 ஆகிய ஆண்டுகளில், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய குடவோலை விதிகள். அதில் பலரும் தாண்டிப் போய்விடுகிற விதி ஒன்று உண்டு. ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்கமுடியாது. அவர் மட்டுமல்ல. அவருடைய அப்பா, பிள்ளை, மாமனார், மைத்துனர், மருமகன் என்று ஒரு பெரிய பட்டியலே போட்டு, அத்தனை பேருக்கும் தடை. தான் ஒதுங்கிக்கொண்டு மச்சானை நிறுத்துகிற வித்தை அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள்!

உடனே, 'ஆஹா, அது பொற்காலம்' என்று கிளம்பிவிடாதீர்கள். உத்திரமேரூரில் நிற்பதற்கே கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதம் படித்திருக்கவேண்டும். நிலத்தில் உழைத்தவனுக்கு அந்தச் சபையில் இடம் இல்லை. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதும் கேள்விதான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பொதுப் பணத்தின் கணக்கு இருக்கவேண்டிய இடம் சுவர் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

பிற்பாடு அந்தக் கணக்கு சுவரிலிருந்து இறங்கி மூட்டைக்குள் போனது. கர்ணத்தின் மூட்டை.

வெள்ளைக்காரன் காலத்தில் கிராமத்துக்கு ஒரு கர்ணம். பரம்பரை உத்தியோகம். எந்த சர்வே நம்பர் யாருடையது, அதில் இந்த வருஷம் என்ன பயிர், எவ்வளவு தீர்வை, எல்லாம் அவர் எழுதுகிற 'அ' பதிவேட்டிலும் சிட்டாவிலும் அடங்கலிலும் இருக்கும். பஞ்சத்துக்குப் பயந்து 1883-லும் 1884-லும் அரசாங்கம் இரண்டு சட்டங்கள் போட்டது. கிணறு வெட்ட, விதை வாங்க, மாடு வாங்க விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன். தக்காவிக் கடன் என்று உங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கலாம். வானத்தையும் கிணற்றையும் நம்பிப் பிழைக்கிற வடாற்காடு மாதிரி ஜில்லாவில் அது பெரிய விஷயம். ஆனால், உனக்கு நிலம் இருக்கிறதா, என்ன நிலம் என்பதற்கெல்லாம் கர்ணத்தின் பதிவேடுதான் சாட்சி. அவர் மனசு வைக்கவேண்டும்.

இதற்கும் ஒரு கடிவாளம் இருந்தது. ஜமாபந்தி. பசலி வருஷம் ஜூன் 30-ல் முடியும். அதையொட்டி தாலுகா ஆபீசில் பந்தல் போட்டு, கிராமம் கிராமமாகக் கணக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து மேலதிகாரி முன்னால் பிரிப்பார்கள். ஊர் ஜனங்களும் வந்து நிற்பார்கள். 'என் நிலத்தை அவன் பேரில் எழுதிட்டாங்க சாமி' என்று எவராவது கத்தினால், அதிகாரி காதில் விழும். வருஷத்தில் சில நாளாவது மூட்டை வெளிச்சத்துக்கு வரும்.

1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரை கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. அந்த இடத்துக்கு வி.ஏ.ஓ. வந்தார். ஜமாபந்தி இன்றும் நடக்கிறது. ஆனால் கணக்கு மெல்ல மெல்ல மூட்டையிலிருந்து கம்ப்யூட்டருக்குள் குடிபோனது. நல்லதுதான். சிட்டாவுக்காக நடையாய் நடந்த ஜனங்கள் இன்று கடையில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் மூட்டைக்குக் கயிறு மாதிரி, கம்ப்யூட்டருக்கு ஒரு முடிச்சு உண்டு. பாஸ்வேர்டு.

இங்கேதான் நம் காலத்துக் கதை ஆரம்பிக்கிறது.

2019 பிப்ரவரி 1. மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட். பி.எம். கிசான் என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். விவசாயக் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய். 2,000 வீதம் மூன்று தவணை. நேராக வங்கிக் கணக்குக்கு. பிப்ரவரி 24-ஆம் தேதி கோரக்பூரில் பிரதமர் தொடங்கிவைத்தார். முதலில் இரண்டு ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களுக்கு என்றார்கள். தேர்தல் முடிந்ததும், நிலமுள்ள விவசாயிகள் எல்லோருக்கும் என்று விரித்தார்கள். யாருக்கு இல்லை என்றும் சொன்னார்கள். வருமான வரி கட்டுபவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குபவர், டாக்டர், வக்கீல், ஆடிட்டர் இவர்களுக்கெல்லாம் கிடையாது.

ஆரம்பத்தில் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகலோடு வி.ஏ.ஓ.விடம் போகவேண்டும். நிலம் இருக்கிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். அப்புறம், விவசாயி தானே இன்டர்நெட்டில் பதிவு செய்துகொள்ளலாம் என்று ஒரு வழி திறந்தார்கள். விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது வேளாண்மைத் துறையின் வேலை. அதற்கு அலுவலகங்களில் பாஸ்வேர்டு உண்டு.

2020. கொரோனா. ஊரடங்கு. அந்த மாதங்களில் பாஸ்வேர்டு கைமாறியது. தற்காலிக ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்காரர்கள், புரோக்கர்கள் என்று ஒரு சங்கிலி உருவானது. நிலமே இல்லாதவர்களின் ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கி, 'விவசாயி' என்று ஏற்றி, அவர்களே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டார்கள். கொரோனா நிவாரணம் என்று நம்பி அட்டையை நீட்டிய கூலிக்காரர்களும் அதில் உண்டு.

ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. செப்டம்பர் 8-ஆம் தேதி, அப்போதைய வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி கணக்கைச் சொன்னார். தகுதியில்லாத ஐந்தரை லட்சம் பேர். 110 கோடி ரூபாய். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை என்று 13 மாவட்டங்கள். 18 பேர் கைது, 80 பேர் பணியிலிருந்து நீக்கம். சி.பி.சி.ஐ.டி. விசாரணை. அந்த நேரம் 32 கோடி ரூபாயைத் திரும்பப் பிடித்திருந்தார்கள்.

என் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 110 கோடியை ஐந்தரை லட்சத்தால் வகுத்துப் பார்த்தேன். தலைக்குச் சராசரி இரண்டாயிரம் ரூபாய். கணக்காக ஒரு தவணை! ஒரு ஆள் 110 கோடி அடித்திருந்தால் அது வேறு ஜாதி ஊழல். இது 2,000, 2,000-ஆகச் சொட்டிய ஊழல். ஐந்தரை லட்சம் பெயர்களை ஒவ்வொன்றாக யாரோ உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார்கள்.

இது தமிழ்நாட்டோடு நிற்கவும் இல்லை. 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு கொடுத்த பதிலின்படி, நாடு முழுக்க சுமார் 42 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 2,992 கோடி ரூபாய் போயிருந்தது. அசாம் 8.35 லட்சம் பேரோடு முன்னால் நின்றது. தமிழ்நாடு 7.22 லட்சம் பேர், 340 கோடி. அதே வருஷ ஆரம்பத்தில், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்ட ஒரு கேள்விக்கு வந்த பதில் இன்னும் சுவாரசியம். அதுவரை கண்டுபிடித்த 20 லட்சத்துச் சொச்சம் தகுதியற்றவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுகிறவர்கள்!

இப்போது நான் கேட்கப்போகிற கேள்வியைக் கவனியுங்கள். இந்தத் திட்டத்தின் பயனாளிகள் பட்டியல் ரகசியமா?

இல்லை. அதுதான் வேடிக்கை. திட்டத்தின் இணையதளத்திலேயே மாநிலம், மாவட்டம், வட்டாரம், ஊர் என்று தட்டிக்கொண்டே போனால் பெயர்கள் வரும். ஊரளவில் பட்டியலை வெளியிடவேண்டும் என்று வழிகாட்டு விதிகளும் சொல்கின்றன. 2005-ன் தகவல் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. நான்காவது பிரிவில், யாரும் கேட்காமலே அரசு தானாக வெளியிடவேண்டிய விஷயங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகை, பயனாளிகள் விவரம் இரண்டும் அதில் அடக்கம்.

சட்டம் இருக்கிறது. பட்டியல் இருக்கிறது. வாசிக்க ஆள் இல்லை. ஊர் கூடி வாசிக்கவேண்டிய இடம் கிராமசபை. 2020-ல் மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று வரிசையாக வந்த மூன்று கிராமசபைகளும் கொரோனாவைக் காரணம் காட்டிக் கூடவே இல்லை. ஊர் வாயைப் பொத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் கம்ப்யூட்டர் சென்டர்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன.

இதற்கு முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. 2008-ல் மத்திய அரசு விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. யார் யாருக்குத் தள்ளுபடி என்று வங்கிக் கிளையின் நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினார்கள். 2013-ல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்தது. சோதித்துப் பார்த்த 90,576 கணக்குகளில் 20,206-ல் கோளாறு. ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வங்கி போர்டை எட்டிப் பார்க்கிறவர் யார்? வங்கிக்குப் போகிறவர். அவர் அவசரம் அவருக்கு.

அப்படியென்றால் வாசிக்க வைப்பது எப்படி? ராஜஸ்தான்காரர்கள் காட்டினார்கள். சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். வேலையை ராஜினாமா செய்த அருணா ராய், சகாக்களோடு 1990-ல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார். பஞ்ச நிவாரண வேலைகளில் கூலி சரியாக வரவில்லை என்பதுதான் ஜனங்களின் புகார். வருகைப் பதிவேட்டின் நகலைப் போராடி வாங்கினார்கள். 1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்ற ஊர். மைக் வைத்து, ஊர் ஜனங்கள் முன்னால் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள்.

அவ்வளவுதான். வேறெதுவும் செய்யவில்லை. அன்றும் அதைத் தொடர்ந்த கூட்டங்களிலும், பெயர் வாசிக்க வாசிக்கக் கூட்டம் பதில் சொன்னது. இவர் செத்துப்போய் வருஷமாச்சே. இவர் ஊரைவிட்டே போய்ட்டாரே. நான் அந்த வேலைக்கே போகலையே, எனக்குக் கூலி கொடுத்ததா எழுதியிருக்கு! சோழர் கல்வெட்டில் சாவா மூவாப் பேராடு என்றால், இந்தப் பதிவேட்டில் சாவா மூவாக் கூலியாட்கள்.

அந்த மைக் சத்தம்தான் 1996-ல் பியாவரில் 40 நாள் தர்ணாவாகி, 2005-ல் நாட்டுக்கே தகவல் உரிமைச் சட்டமாக வந்தது. நம் தமிழ்நாடு அதற்கு முன்பே, 1997-ல், ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்து இந்தியாவுக்கு வழிகாட்டியது. என்ன, எதையெல்லாம் தரமுடியாது என்கிற விலக்குப் பட்டியல்தான் அதில் நீண்டு கிடந்தது.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. அமெரிக்காவில் 2001-ல், ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு விவசாய மானியம் வாங்குபவர்களின் பட்டியலை இன்டர்நெட்டில் போட்டது. பார்த்தால், கூடைப்பந்து வீரர் ஸ்காட்டி பிப்பன் இருக்கிறார். ராக்ஃபெல்லர் குடும்பத்து டேவிட் இருக்கிறார். சி.என்.என். டெட் டர்னர் இருக்கிறார். எல்லோரும் 'விவசாயிகள்'. பிரிட்டனில் 2005-ல் பட்டியல் வெளியானபோது எலிசபெத் ராணியின் பெயரும் இருந்தது. மோசடி இல்லை, சட்டப்படிதான் வாங்கினார்கள். ஆனால் ஏழை விவசாயிக்கு என்று சொன்ன மானியம் யார் மடியில் விழுகிறது என்பது ஊருக்குத் தெரிந்துபோனது.

பிறகு எதிர்க் கேள்வியும் வந்தது. ஜெர்மனி விவசாயிகள், 'நான் எவ்வளவு வாங்கினேன் என்று உலகத்துக்கே ஏன் சொல்கிறாய்?' என்று வழக்குப் போட்டார்கள். 2010 நவம்பர் 9. ஐரோப்பிய நீதிமன்றம், தனிநபர்களைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி என்றது. பட்டியலிலிருந்து பெயர்கள் மறைந்தன. 2013-ல் புது விதி போட்டுப் பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஒரு திருத்தத்தோடு. சிறு விவசாயிகள் பெயர் வேண்டாம். அதற்கு வைத்த உச்சவரம்பு 1,250 யூரோ.

நியாயமாகத்தானே படுகிறது? ஆனால் 1,250 யூரோ என்றால் நம் பணத்தில் லட்ச ரூபாய்க்கு மேல். நம் விவசாயி வாங்குவது வருஷத்துக்கு ஆறாயிரம். ஐரோப்பிய அளவுகோலை வைத்தால், நம் பட்டியலில் ஒரு பெயரும் மிஞ்சாது. அங்கே பெரிய முதலை மாட்டினால் போதும். இங்கே திருட்டு நடந்ததே சின்னப் பெயர்களை வைத்துத்தான்.

நம்மூரிலும் இந்த விவாதம் வந்தாகிவிட்டது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் திருத்தம் அமலுக்கு வந்தது. முன்பு தனிநபர் தகவலை மறுக்க வேண்டுமென்றால், பொது வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அதிகாரி காரணம் காட்டவேண்டும். இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடமிருக்கிறது. பொதுநலன் பெரிது என்று கருதினால் கொடுக்கலாம் என்கிற இன்னொரு பிரிவு இருக்கிறது. நான்காவது பிரிவும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கொடுக்க மனமில்லாத கைக்கு ஒரு கைக்குட்டை கிடைத்திருக்கிறது.

ஆதார் நம்பரையும் வங்கிக் கணக்கு நம்பரையும் யாரும் கேட்கவில்லை. அதெல்லாம் மறைவாகவே இருக்கட்டும். பெயர், ஊர், தொகை. இந்த மூன்று போதும். அதுவும் உலகத்துக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அவர் நிலம் வைத்திருக்கிறாரா என்று நியூயார்க்கில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அடுத்த வயல்காரருக்குத் தெரியும்.

சமீபத்தில் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர். செங்கம் பக்கத்துக்காரர். மழை, விலைவாசி என்று பேச்சு போய், இந்த ஆறாயிரத்தில் வந்து நின்றது.

"ரெண்டு ஏக்கர் கீது சார். மல்லாட்டை போட்டிருக்கேன். எனக்கு அந்தப் பணம் வர்ல."

"ஏங்கய்யா?"

"பட்டா எங்கப்பா பேர்ல கீது. அவுரு போயி பதினஞ்சு வருசமாச்சு. அண்ணந்தம்பி மூணு பேரு, இன்னும் பாகம் பிரிக்கல. ஆபீஸ்ல கேட்டா, நீ விவசாயின்றதுக்கு என்னா ஆதாரம்ன்றாங்க."

கையைப் பார்த்தேன். ஆதாரம் அதில் இருந்தது. அதை எந்தத் தளத்தில் ஏற்றுவது? நிலமே இல்லாத லட்சக்கணக்கானவர்கள் பாஸ்வேர்டு தயவில் விவசாயி ஆனார்கள். செத்துப்போன அப்பா ரெக்கார்டில் இன்னும் விவசாயி. உழுகிற மனிதர் விவசாயி இல்லை. குத்தகைக்கு உழுகிறவர் கதை இன்னும் மோசம், அவருக்குத் திட்டத்தில் இடமே கிடையாது.

"உங்க ஊர்ல யார் யாருக்கு வருதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"அது எப்டி சார் தெரியும்?"

என் செல்போனை எடுத்தேன். மாநிலம், மாவட்டம், வட்டாரம், அவர் ஊர். பட்டியல் வந்தது. எழுத்தைப் பெரிசாக்கி அவரிடம் கொடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். பெயர்களை நான் வாசிக்க வாசிக்க, அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"ம்... நாலு ஏக்கரு... ம்... இது கெணத்து மேட்டு ஆளு... சரிதான்... ம்..." ஒரு பெயரில் நிறுத்தினார். "யாரு? இன்னொரு தபா சொல்லு சார்." சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. "அட, நம்ம மேலத்தெரு மருமவப் பையன்! அவனுக்கும் நெலம் கீது, கீது. சரிதான், அடுத்தது படி."

வி.ஏ.ஓ., வேளாண்மை அலுவலர், சி.பி.சி.ஐ.டி. இத்தனை பேர் மாதக்கணக்கில் செய்த வேலை. ஒரு பெயருக்கு அந்தப் பெரியவர் எடுத்துக்கொண்டது இரண்டு விநாடி. சம்பளமும் கேட்கவில்லை.

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது அவர் கேட்டார்.

"இத்தப் போன்ல வெச்சுக்கறதுக்கு, எங்க ஊரு பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல எழுதி வெச்சா என்னா சார்?"

ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் செய்தார்கள் என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.